சட்டப் படிப்பும் தனிப் பந்தியும்

சட்டக் கலாசாலை என்றால் என்ன என்று நம்மவர்களில் யாரைக் கேட்டாலும், பெரிய கட்டிடம் ஒன்று, அதில் புஸ்தகங்கள் நிறைந்த அலமாரிகள், பாடம் சொல்ல ஆசிரியர்கள், பிறகு பரீட்சை, கடைசியில் ஒரு பட்டமும் கருப்பு அங்கியும் என்றுதான் சொல்லுவார்கள். மாணாக்கர்கள் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுவதும், இரவில் விடுதித் தாழ்வாரத்தில் நின்று வாதாடுவதும், ஒத்திகைக் கோர்ட்டு வைத்து ஒருவரையொருவர் மடக்குவதும், வெளியூர் அறிஞர்களை வரவழைத்துப் பேசச் சொல்லிக் கேள்வி கேட்பதும், சங்கம் கூட்டுவதும், பத்திரிகை நடத்துவதும் படிப்போடு சேர்ந்தவையல்ல, வெறும் பொழுதுபோக்கு என்பதே பொதுவான எண்ணம். பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்புகின்ற தகப்பனாரும், “கூட்டம் கீட்டம் என்று போகாதே, புஸ்தகத்தைப் பார்” என்றுதான் புத்தி சொல்லி அனுப்புகிறார்.

நம்முடைய அபிப்பிராயம் இதற்கு நேர்விரோதமானதாகும். புஸ்தகத்தில் இருப்பது சட்டத்தின் எழுத்து மாத்திரமே. சட்டம் என்பது மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில் நடக்கும் காரியம். எதிரி என்ன சொல்லுவான், ஜட்ஜி எதைக் கேட்பார், சாட்சி எங்கே தடுமாறுவான், நம் வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பவையெல்லாம் நாலு பேரோடு கலந்து பழகினால்தான் தெரியுமே ஒழிய, அலமாரிக்கு முன் தனியே உட்கார்ந்திருப்பதால் தெரியாது. ஆகவே ஒருவனுக்குப் புஸ்தகத்தைக் கொடுத்துவிட்டு, அந்தக் கூட்டு வாழ்க்கையிலிருந்து மாத்திரம் அவனைத் தள்ளி வைப்பதானால், அவனுக்குச் சட்டப் படிப்பையே மறுத்ததாகத்தான் அர்த்தம்.

இது நாம் கற்பனையாய்ச் சொல்லுவதல்ல. அமெரிக்கா தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டு 1950-ம் வருஷம் ஜூன் மாதம் 5-ந் தேதி ஒரு வழக்கில் ஏகமனதாய் இதையே தீர்ப்பாகச் சொல்லிற்று. அந்த வழக்கின் விவரத்தை நம் மக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அதில் வரும் ஆள்களின் பெயரையும் ஊரின் பெயரையும் மாற்றிவிட்டால், அது நம்முடைய ஊர்க் கதையாகவே இருக்கும்.

டெக்சாஸ் என்பது அமெரிக்காவில் ஒரு பெரிய மாகாணம். அங்கே ஹீமன் ஸ்வெட் என்கின்ற ஒரு கருப்பர், பட்டம் பெற்றவர், தபால்காரராய் உத்தியோகம் பார்த்து வந்தார். அவர் 1946-ல் டெக்சாஸ் சர்வகலாசாலையின் சட்டக் கலாசாலையில் சேர மனுப்போட்டார். அந்தச் சர்வகலாசாலையின் தலைவர் பெயின்டர் என்பவர் ஒரு பெரிய ஜீவ சாஸ்திரி. மனித உயிரணுக்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அவற்றிலுள்ள குரோமோசோம்களை எண்ணிப் பெயரெடுத்தவர். அப்பேர்ப்பட்டவர், இந்த மனுதாரருக்குச் சேர்வதற்கான தகுதியெல்லாம் இருக்கிறது, நீக்ரோ என்பது ஒன்றுதான் தடையாயிருக்கிறது என்று சர்க்காரின் அட்டர்னி ஜெனரலுக்கு எழுதி யோசனை கேட்டார். பூதக்கண்ணாடியில் தெரியாத வித்தியாசம் மனுக் காகிதத்தில் தெரிந்துவிட்டது போலும்! அவர் 48 என்று எண்ணிச் சொன்ன குரோமோசோம் கணக்கும் தப்பென்று கண்டு, 1956-ல் 46 என்று திருத்தப்பட்டது வேறு விஷயம்.

மனு நிராகரிக்கப்பட்டது. ஸ்வெட் கோர்ட்டுக்குப் போனார். கீழ்க் கோர்ட்டு அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவு போடவில்லை. கருப்பர்களுக்கென்று வேறொரு சட்டக் கலாசாலையை ஏற்படுத்திக்கொள்ளச் சர்க்காருக்கு ஆறு மாதம் வாய்தா கொடுத்தது. ஏனென்றால் அமெரிக்காவில் 1896-ம் வருஷம் முதல் ஒரு விசித்திரமான தத்துவம் செல்லுபடியாகி வந்தது. ரயில் வண்டியில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கருப்பருக்கு ஒரு பெட்டி என்று பிரித்த ஒரு வழக்கில், இரண்டும் சமமாயிருந்தால் பிரித்து வைப்பதில் குற்றமில்லை என்று அதே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருந்தது. “தனியாயிருந்தாலும் சமம்” என்பது அதன் சுருக்கம். நம் ஊர் டீக்கடையில் தனிக் குவளை வைத்தவனும் இதையேதான் சொன்னான்: “குவளை வேறே ஒழிய டீ ஒன்றுதானே!” என்றான்.

சர்க்கார் ஏற்படுத்திய கலாசாலை எப்படிப்பட்டது என்றால், ஆஸ்டின் நகரத்தில் ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில், அதாவது தரை மட்டத்துக்குக் கீழே, சில அறைகளைப் பிடித்து 1947-ல் பலகை மாட்டினார்கள். அதற்கென்று தனி ஆசிரியர்கள் கிடையாது. வெள்ளையர் கலாசாலையிலிருந்து நாலு பேர் வந்து பாடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியது. 10,000 புஸ்தகங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம் என்றார்கள். வந்து சேர்ந்தவை சொற்பம். ஸ்வெட் அங்கே காலெடுத்து வைக்க மறுத்துவிட்டார். பட்டம் கிடைத்தால் போதும் என்றிருப்பவனாயிருந்தால், கிடைத்ததை ஏன் விடுவது என்று போய் உட்கார்ந்திருப்பான். கிடைப்பது எதுவானாலும் இழிவோடு சேர்ந்து வருமானால் வேண்டாம் என்று சொன்ன அந்த மறுப்பைத்தான் நாம் சுயமரியாதை என்கிறோம்.

வழக்கு மேலே மேலே போகப் போக, சர்க்காருக்கும் பயம் வந்து, வேறொரு இடத்தில் கொஞ்சம் பெரிதாகவே கருப்பர் சட்டக் கலாசாலையை நடத்தத் தொடங்கிற்று. சுப்ரீம் கோர்ட்டு பார்த்தபோது அதில் 5 ஆசிரியர்களும், 23 மாணாக்கர்களும், சுமார் 16,500 புஸ்தகங்களும் இருந்தன. வெள்ளையர் கலாசாலையிலோ முழுநேர ஆசிரியர்கள் 16 பேர், பகுதிநேர ஆசிரியர்கள் 3 பேர், மாணாக்கர்கள் 850 பேர், புஸ்தகங்கள் 65,000-க்கு மேல். அன்றியும் சட்டப் பத்திரிகை, ஒத்திகைக் கோர்ட்டு, உபகாரச் சம்பள நிதி ஆகியவைகளும் இருந்தன.

வழக்கு இந்த ஜாபிதாவோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சர்க்கார் இன்னும் கொஞ்சம் பணத்தைச் செலவழித்து, அங்கேயும் 65,000 புஸ்தகங்களை வாங்கி அடுக்கிவிட்டு, “இப்பொழுது சமம்தானே” என்று கேட்டிருக்கும். ஸ்வெட்டின் வக்கீலாகிய தர்குட் மார்ஷல் இதை நன்றாய் உணர்ந்தவர். ஆதலால் அவர் புஸ்தகக் கணக்கோடு நிற்காமல், பென்சில்வேனியா சர்வகலாசாலைச் சட்டக் கலாசாலையின் தலைவரைப் போன்றவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, மாணாக்கன் ஆசிரியரிடம் கற்பது பாதி, உடன் மாணாக்கர்களிடம் கற்பது பாதி என்பதை மெய்ப்பித்தார். 180-க்கு மேற்பட்ட சட்டப் பேராசிரியர்கள் தாங்களாகவே ஒன்று சேர்ந்து, பிரித்து வைத்துச் சட்டம் சொல்லிக்கொடுக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டுக்கு விண்ணப்பம் செய்துகொண்டார்கள்.

கோர்ட்டு சொன்னதன் சாரம் இது: அளந்து பார்க்கக்கூடிய சாமான்களில் வித்தியாசம் இருப்பது ஒருபுறமிருக்க, அளக்க முடியாதவைகளில்தான் ஒரு சட்டக் கலாசாலையின் மேன்மை இருக்கிறது. சட்டம் யாரோடு சம்பந்தப்படுகிறதோ அந்த மனிதர்களிடமிருந்தும் ஸ்தாபனங்களிடமிருந்தும் ஒதுக்கி வைத்துச் சட்டத்தைக் கற்பிக்க முடியாது. ஸ்வெட் வக்கீலான பிறகு அந்த மாகாணத்தில் அவருக்கு எதிரே நிற்கப்போகின்ற வக்கீல்களும், அவர் விசாரிக்கப்போகின்ற சாட்சிகளும், ஜூரிகளும், ஜட்ஜிகளும் அநேகமாய் வெள்ளையர்களே. அவர்கள் அந்த மாகாண ஜனத்தொகையில் 100-க்கு 85 பேர். அந்த 85 பேரில் ஒருவரையும் உள்ளே விடாத கலாசாலையில் உட்கார வைத்துவிட்டு, சமமான படிப்புக் கொடுத்தோம் என்று சொல்லுவது செல்லாது. இப்படிச் சொல்லி, ஸ்வெட்டை வெள்ளையர் கலாசாலையிலேயே சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவாயிற்று.

அதே நாளில் அதே கோர்ட்டு இன்னொரு தீர்ப்பும் கூறிற்று. நம் நாட்டுக்கு இதுதான் அதிகமாய்ப் பொருந்தும் என்று சொல்லுவோம். ஓக்லஹாமா சர்வகலாசாலையில் மெக்லாரின் என்ற வயது முதிர்ந்த கருப்பு ஆசிரியர் ஒருவர், கல்வி சாஸ்திரத்தில் உயர்ந்த பட்டத்துக்குப் படிக்க 1948-ல் சேர்த்துக்கொள்ளப்பட்டார். எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்? வகுப்பறைக்குள் அல்ல, அதை ஒட்டிய ஓர் அறையில் அவருக்கு நாற்காலி. புஸ்தகசாலையில் மற்றவர்களோடு அல்ல, இடைத்தட்டில் ஒரு தனி மேஜை. சாப்பாட்டு அறையில் மற்றவர்கள் சாப்பிடாத நேரத்தில், அவருக்கென்று குறித்த ஒரு மேஜை. பிறகு வகுப்புக்குள் விட்டார்கள். ஆனால் அவரைச் சுற்றி ஒரு கம்பி அடைப்பும், கருப்பருக்கு ஒதுக்கப்பட்டது என்று ஒரு பலகையும் சில காலம் இருந்தன. அதே சர்வகலாசாலையின் சட்டக் கலாசாலையில் 1949-ல் சேர்ந்த ஏடா சிப்பூயல் என்ற பெண்மணிக்கும் எல்லோருக்கும் பின்னால், கயிறு கட்டிப் பிரித்த ஒரு நாற்காலிதான் கிடைத்தது.

பாடம் அதேதான், ஆசிரியர் அவரேதான், சம்பளமும் அதேதான். அப்படியிருக்க என்ன குறை என்று சர்க்கார் கேட்டது. மற்ற மாணாக்கர்களோடு பேசிக் கலந்து, விவாதித்து, கருத்து மாற்றிக்கொள்ள முடியாதபடி செய்தாயே, அதுதான் குறை என்று கோர்ட்டு சொல்லிற்று.

வாசகர்களே! 1924-25-ம் வருஷங்களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி போட்டதைப் பற்றித் தமிழ்நாடு முழுதும் கிளர்ச்சி நடந்ததல்லவா? “சோறு ஒன்றுதானே, இதற்கா இவ்வளவு சண்டை” என்று அன்று கேட்டவர்களுக்கு, கால் நூற்றாண்டு கழித்து, பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு கோர்ட்டு பதில் சொல்லியிருக்கிறது. பந்தி என்பது பாடத்துக்கு வெளியே உள்ளதல்ல. பந்தியும் ஒரு பாடமே. ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட பிள்ளை, தான் தாழ்ந்தவன் என்று கற்றுக்கொள்கிறான். நடுவில் உட்கார்ந்த பிள்ளை, தான் உயர்ந்தவன் என்று கற்றுக்கொள்கிறான். பின்னாளில் அவன் ஜட்ஜியாகவும், இவன் கட்சிக்காரனாகவும் வந்து எதிரெதிரே நிற்கும்போது இரண்டு பேரும் மறக்காத பாடம் அந்த ஒன்றுதான்.

நிற்க, அந்த வழக்கை வென்ற மார்ஷலுக்கு இந்தத் திறமை எங்கே கிடைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அவருடைய சொந்த ஊராகிய பால்டிமோரிலேயே மேரிலாந்து சர்வகலாசாலையின் சட்டக் கலாசாலை இருந்தது. அங்கே கருப்பர்களுக்கு இடமில்லை. ஆதலால் அவர் ஊரிலிருந்து தினம் ரயிலேறி, வாஷிங்டனிலுள்ள ஹோவார்டு சர்வகலாசாலைக்குப் போய்ச் சட்டம் படித்து, 1933-ல் முதல் மாணாக்கராய்த் தேறினார். ஹோவார்டு சட்டக் கலாசாலை 1869-ல் கருப்பர்களுக்காக ஏற்பட்டது. மாலை நேரப் பள்ளியாய் நடந்து வந்த அதை, 1929 முதல் தலைமை வகித்த சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் பகல் நேரக் கலாசாலையாக மாற்றிக் கடுமையாய் நடத்தினார். வக்கீல் என்பவன் சமுதாயத்தைச் செப்பனிடும் இஞ்சினீராயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சமுதாயத்தின் மேல் படரும் புல்லுருவியாவான் என்பது அவர் கொள்கை.

அந்தக் கலாசாலையில் ஒரு நல்ல வழக்கம் இருந்து வந்தது. கருப்பர் உரிமைக்கான பெரிய வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டில் வருவதாயிருந்தால், அதற்கு முன் வக்கீல்கள் ஹோவார்டுக்கு வந்து தங்கள் வாதத்தை ஒத்திகை பார்ப்பார்கள். ஆசிரியர்கள் ஜட்ஜிகளாய் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி போடுவார்கள். மாணாக்கர்கள் கூடியிருந்து கேட்பதோடல்லாமல் தாங்களும் கேள்வி கேட்பார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி வந்த பெருந்தீர்ப்புக்கும் இப்படித்தான் தயார் செய்தார்கள். கலாசாலைக் கூட்டங்கள் வீண் பொழுதுபோக்கு என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்லுவார்கள்? ஸ்வெட் வழக்கின் தீர்ப்பு வருவதற்கு ஆறு வாரம் முன்னதாக ஹூஸ்டன் காலமாகிவிட்டார். ஆனால் அவர் வளர்த்த மாணாக்கர்தான் அந்த வழக்கில் நின்று வாதாடினார். அந்த மார்ஷலே 1967-ல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் கருப்பு ஜட்ஜியானார்.

இவ்வளவு மேன்மையான ஹோவார்டிலும் ஒரு கம்பி அடைப்பு இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 1941-ல் பாலி மரே என்ற பெண்மணி அங்கே சட்டம் படிக்கச் சேர்ந்தார். அவர் வகுப்பில் பெண் அவர் ஒருவரே. பெண்கள் எதற்காகச் சட்டம் படிக்க வருகிறார்கள் என்பது தனக்கு விளங்கவில்லை என்று ஓர் ஆசிரியர் முதல் நாளே சொல்ல, வகுப்பு சிரித்தது. கொஞ்ச நாளில் ஓர் ஆசிரியர் வீட்டில் நடக்கும் விருந்துக்கு முதல் வருஷ ஆண் மாணாக்கர்கள் எல்லோரும் வரலாம் என்று பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். புது மாணாக்கர்களைப் பார்த்துச் சட்ட மாணாக்கர் சங்கத்துக்கு ஆள் எடுப்பதற்கான விருந்து அது. அந்த அம்மையார் போய்க் கேட்டதற்கு, பெண்கள் வேண்டுமானால் தனிச் சங்கம் வைத்துக்கொள்ளலாமே என்று பதில் கிடைத்தது. “தனியாயிருந்தாலும் சமம்” என்ற தத்துவத்தை ஒழிக்கப் பாடுபட்ட இடத்திலேயே அதே தத்துவம் பெண்ணுக்கு மாத்திரம் செல்லுபடியாயிற்று! மேல் ஜாதிக்காரன் தன்னைத் தொடவில்லை என்று அழுகிறவன், வீட்டுக்குள் பெண்ணை அடுப்பங்கரையோடு நிறுத்துவதில் குற்றம் காணாததைப் போன்றதே இது.

அந்த அம்மையார் அழுதுகொண்டு ஊருக்குப் போய்விடவில்லை. 1944-ல் வகுப்பில் முதலாவதாய்த் தேறினார். பிரித்து வைப்பதே தப்பு என்று நேராய்த் தாக்க வேண்டும், சமமாயில்லை என்று சுற்றி வளைக்கக் கூடாது என்று அவர் வகுப்பில் சொன்னபோது சிரித்தார்கள். பத்து வருஷத்தில் அதுவே தீர்ப்பாயிற்று. வட கரோலினா சர்வகலாசாலை அவரைக் கருப்பர் என்று தள்ளியது. ஹார்வார்டு சட்டக் கலாசாலை அவரைப் பெண் என்று தள்ளியது. ஹார்வார்டில் பெண்களைச் சட்டம் படிக்கச் சேர்த்ததே 1950-ல்தான். சேர்த்த பிறகும், கலாசாலைத் தலைவர் புதிதாய் வந்த பெண்களை விருந்துக்கு அழைத்து, ஓர் ஆண் உட்கார வேண்டிய இடத்தில் நீ ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்கும் வழக்கம் இருந்தது. 1956-ல் அப்படிக் கேட்கப்பட்டவர்களில் ஒருவராகிய ரூத் பேடர் கின்ஸ்பர்க் 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜியானார். பெண்ணென்று வித்தியாசம் காட்டும் சட்டத்தை எதிர்த்து 1971-ல் அவர் எழுதிய வாதப் பத்திரத்தில் பாலி மரேயின் பெயரையும் சேர்த்து எழுதி, முன்னால் நடந்தவருக்கு மரியாதை செய்தார்.

இனி நம் நாட்டை யோசித்துப் பார்ப்போம். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துப் பட்டம் பெற்ற டாக்டர் அம்பேத்கர், அப்படிப்புக்கு நடுவில் பம்பாய்ச் சிடன்ஹாம் கலாசாலையில் ஆசிரியராயிருந்த காலத்தில், ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த தண்ணீரை அவர் எடுத்துக் குடிப்பதை உடனிருந்த ஆசிரியர்களே ஆட்சேபித்தார்கள். அவரே 1935-ல் பம்பாய் சர்க்கார் சட்டக் கலாசாலைக்குப் பிரின்சிபாலாக வந்தார் என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அவர் பெயரையே தாங்கிய சென்னைச் சட்டக் கலாசாலையில் 2008-ம் வருஷம் நவம்பர் மாதம் 12-ந் தேதி நடந்தது என்ன? ஜாதியால் பிரிந்த மாணாக்கர்கள் தடியும் கத்தியும் கொண்டு ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டார்கள். போலீசார் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கலாசாலையின் பெயரிலுள்ள அம்பேத்கர் பெயரை விட்டுவிட்டுச் சுவரொட்டி அச்சிட்டதே மூலகாரணம் என்று சொல்லப்பட்டது. அங்கே கம்பி அடைப்பு இல்லை, தனிப் பலகை இல்லை, ஒரே வகுப்பு, ஒரே பாடம். இருந்தும் ஒவ்வொருவனும் ஊரிலிருந்து வரும்போதே தன் கம்பியைத் தானே சுமந்துகொண்டு வந்திருக்கிறான்.

மெக்லாரின் வழக்கில் சர்க்கார் தரப்பில் இன்னொரு வாதமும் சொன்னார்கள். நாங்கள் கம்பியை எடுத்துவிட்டாலும், மற்ற மாணாக்கர்கள் அவரோடு பழகாமல் ஒதுங்கித்தானே இருப்பார்கள், பிறகு எடுத்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார்கள். சர்க்கார் பிரித்து வைப்பதும், தனி மனிதன் தானாய் ஒதுங்குவதும் ஒன்றல்ல. தன் யோக்கியதையினால் மற்றவர்களுடைய மதிப்பைச் சம்பாதித்துக்கொள்ளும் சந்தர்ப்பத்தையாவது சர்க்கார் தடுக்கக் கூடாது என்று கோர்ட்டு பதில் சொல்லிற்று. இது சரியான பதிலே. ஆனால் கோர்ட்டின் கை இவ்வளவு தூரந்தான் எட்டும். ஸ்வெட் 1950-ல் அந்தக் கலாசாலைக்குள் நுழைந்தார். ஆனால் உடல்நலம் கெட்டு, குடும்பமும் சிதைந்து, பட்டம் பெறாமலே வெளியேறினார். பின்னால் 2005-ல் ஆஸ்டினிலுள்ள கோர்ட்டுக் கட்டிடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஒரு மனிதனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுவதைவிடக் கட்டிடத்துக்கு அவன் பெயரை வைப்பது சுலபமான காரியமாயிருக்கிறது.

ஆகவே கம்பியை எடுப்பது சட்டத்தின் வேலை. எடுத்த பிறகு நகர்ந்து வந்து பக்கத்தில் உட்காருவது நம்முடைய வேலை. இனி உங்கள் பிள்ளையோ பெண்ணோ ஒரு சட்டக் கலாசாலையில் சேருவதாயிருந்தால், எத்தனை பேர் தேறினார்கள், எவ்வளவு சம்பளம் கிடைக்கும் என்று மாத்திரம் விசாரிக்காதீர்கள். விடுதியில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? ஒத்திகைக் கோர்ட்டில் நின்று பேசுகிறவர்கள் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள்? இங்கிலீஷ் நாக்கில் தடுமாறுகின்ற கிராமத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, கை கொடுத்துத் தூக்குகிறார்களா? பெண்கள் கேள்வி கேட்கிறார்களா, வரவேற்புத் தட்டு ஏந்த மாத்திரம் நிறுத்தப்படுகிறார்களா? அறைக்குப் போனவுடன் முதல் கேள்வி பெயரா, ஜாதியா? இவைகளை விசாரியுங்கள். உங்கள் பிள்ளையிடமும், “கூட்டத்துக்குப் போகாதே” என்று சொல்லாமல், கூட்டத்துக்குப் போ, எழுந்து நின்று கேள்வி கேள், ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறவன் பக்கத்தில் போய் உட்கார் என்று சொல்லி அனுப்புங்கள்.

அப்படிப் படித்து வந்தவன்தான் நாளைக்கு ஜட்ஜியாய் உட்காரும்போது, எதிரே கைகட்டி நிற்கின்ற ஏழையைத் தன்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்ட மனிதனாகப் பார்ப்பான். இல்லாதவன் எத்தனை ஆயிரம் புஸ்தகம் படித்திருந்தாலும், அவன் கையில் இருக்கும் சட்டம் பழைய மனுதர்மத்துக்குப் புதிய அட்டை போட்டதாகத்தான் இருக்கும்.